வேலியில் விளைந்த கரண்டு

பஸ்ஸின் நெற்றியில் வெங்கடாசலபுரம் என்று எழுதியிருந்தாலும் வெக்கையாபுரம் என்று கேட்டால்தான் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். அந்த ஊருக்குக் கிழக்கே, கள்ளிச்செடிகூட யோசித்து யோசித்து முளைக்கிற கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்ற ஒருவன் அதற்குக் குளிர்சோலை நகர் என்று பெயர் வைத்தான், வைத்த கையோடு ஊரை விட்டும் போய்விட்டான், அவன் போனதில் யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் அங்கே வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கு வருத்தப்படத் தெம்பில்லை, வெயில் அப்படி. வெயில் அங்கே எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து, குடத்துத் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளும், சாயந்திரம் கிளம்புகிறபோதும் மனசில்லாமல்தான் கிளம்பும்.

அந்த நகரின் கடைசித் தெருவில் இருந்த அழகுவேல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், வராத பஸ்ஸையும் வந்துகொண்டிருப்பதாக மைக்கில் சொல்லி ஜனங்களை நம்பவைத்தே பாதி ஆயுளைக் கழித்தவன். அவன் மனைவி தமயந்தி பின்கட்டு அறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் வைத்திருந்தாள், பெட்டிக்குள் பல்பு எரிந்து முட்டைகளைச் சூடாக வைத்திருக்க வேண்டும், தாய்க்கோழி எழுந்து போகாமல் இருப்பதுபோல் கரண்டும் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். ஆனால் குளிர்சோலை நகரின் கரண்டு ஓடுகாலிக் கரண்டு, நினைத்தால் வரும், நினைத்தால் போகும், போனால் எங்கே போனாய் என்று கேட்க நாதி கிடையாது. எத்தனை ஈடு வைத்தாலும் எல்லாம் கூமுட்டையாகவே போயின. கூமுட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்துப் புதைத்து அந்தத் தெருவுக்கே ஒரு வாடை வந்துவிட்டது, தமயந்திக்குக் கூமுட்டைக்காரி என்று பெயரும் வந்துவிட்டது, ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெயர் காதில் விழுந்த அன்று அவள் அரிசியை வாங்காமலே வீட்டுக்கு வந்து சோலார் போடுவோம் என்றாள்.

சோலார் பேனலை மொட்டை மாடியில்தான் போடுவார்கள், அழகுவேலுக்கு மொட்டை மாடி இல்லை. மாடி இருந்தது, அது மஸ்கட்டில் இருக்கிற அவன் அண்ணனுடையது. பாகப்பிரிவினையில் தரை தம்பிக்கு, தளத்துக்கு மேலே ஆகாயம் முட்ட அண்ணனுக்கு என்று எழுதியாகிவிட்டது, ஒரு ஆணி அடித்தாலும் பிளேன் ஏறி வந்து கேஸ் போடுவேன் என்று அண்ணன் போனில் சொன்னான், அவன் ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது என்பதால் அதற்காவது வரட்டுமே என்று அடித்துப் பார்க்க நினைத்தவனைத் தமயந்திதான் தடுத்தாள். ஆகவே பேனல்களைப் பின்வாசல் வேலியில் மாட்டுவது என்று முடிவானது. கல்தூணும் முள்கம்பியுமாக இருந்த வேலியில் இரும்பு ஆங்கிள் கட்டி, கிளாம்பு போட்டு, தூணுக்குத் தூண் வரிசையாகப் பேனல்களை நிறுத்தியபோது, மாட்ட வந்தவன் சொன்னான்:

"அண்ணாச்சி, வேலியில நிமுத்தி வச்சா பாதி கரண்டுதான் வரும். அப்புறம் என்னையக் கொறை சொல்லக்கூடாது."

"பாதி வந்தாப் போதும்ப்பா," என்றான் அழகுவேல். "முழுசா எங்களுக்கு எது வந்திருக்கு?"

பேனல் தெற்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது சோலார் சாஸ்திரம். தெற்கே இருந்தது சொர்ணக்கிளியின் கொல்லை.

சொர்ணக்கிளி ஐம்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை, ஆடு இரண்டும் முருங்கைமரம் ஒன்றும் சொத்து. அவள் வாய்க்குப் பயந்து அந்தத் தெருவில் தபால்காரர் மணியடிக்காமல் கடிதத்தை எறிந்துவிட்டு ஓடுவார், நாய்கள் சுற்றிப் போகும், கல்யாணத் தரகர் அந்தத் தெருப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறபோது காதுகேளாத மாமியாராகத் தேடுவார். பேசுவது என்றால் அந்தத் தெருவில் திட்டுவது, காலையில் சூரியனைப் பேசுவாள், மதியம் முனிசிபாலிட்டியைப் பேசுவாள், சாயந்திரம் துவைகல்லில் நின்று வேலிக்கு அந்தப் பக்கம் அடுப்படி ஜன்னலில் தெரிகிற தமயந்தியைப் பேசுவாள், உன் வீட்டுக் கோழிமயிர் பறந்து வந்து என் ரசத்தில் விழுகிறது என்பாள், பொரிக்காத கோழிக்கு மயிர் ஏது என்று தமயந்தி ஒருநாளும் பதிலுக்குக் கேட்டதில்லை. கேட்கிற சுபாவம் அவளுக்கு இல்லை, உப்பில்லாத குழம்பைக்கூட குறை சொல்லாமல் சாப்பிடுகிறவள்.

வேலி முழுக்கக் கறுப்புக் கண்ணாடி எழும்பி ஜன்னலை மறைத்ததைக் கண்டதும் சொர்ணக்கிளி கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு வந்தாள்.

"ஏலே டைம் கீப்பரு! என்னலே இது, என் கொல்லையப் பாத்து வரிசையா கண்ணாடி வச்சிருக்க, நான் என்ன சலூனா நடத்துதேன்? வெயிலத் திருடி வீட்டுக்குள்ள பதுக்குதவனே, நீ ஏறுத பஸ்ஸெல்லாம் டெப்போவுக்குப் போக! ஒன் செருப்பு ரெண்டும் எடது காலாப் போக! கல்யாண வீட்டுல ஒன் பந்தி வரும்போது பாயாசம் தீந்து போக! இனிமே நான் யாரு மூஞ்சியப் பாத்துலே பேச?"

வீட்டுக்குள் ஒன்றாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் காலண்டரைக் கிழித்துக்கொண்டு போகிற வேகத்தில் சுற்றியது, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது, பொரிப்புப் பெட்டியின் பல்புகள் மல்லிகை மொட்டிலிருந்து செம்பருத்தியாக விரிந்தன. வெயில் நன்றாக அடிக்கிறது என்று அழகுவேல் நினைத்துக்கொண்டான். ஆனால் ஐப்பசி பிறந்து, வானம் அடுப்புக்கரிபோல இருண்டு, சூரியன் விடுப்பு எடுத்துக்கொண்டு போன அடைமழை நாளில், குடையைப் பிடித்துக்கொண்டு சொர்ணக்கிளி துவைகல்லில் ஏறி நின்று உன் வீட்டுக் கூரைத் தண்ணீர் என் கொல்லையில் விழுகிறது என்று ஆரம்பித்தபோதும், அந்த வீட்டில் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி விளக்கெரிந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மங்கியது, மறுபடி தொடங்கியபோது மறுபடி எரிந்தது. தமயந்தி கொஞ்சநேரம் பல்பையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்:

"மதினி பேசினா கரண்டு வருது."

"வரட்டும்," என்றான் அழகுவேல், இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்து.

அந்த விஷயம் தெருவுக்குத் தெரிய வந்தபோது ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த அம்மாளுடைய பேச்சுக்கு ஏதாவது ஒன்று எரிந்துதானே ஆகவேண்டும், இத்தனை நாள் நம் வயிறு எரிந்தது, இப்போது பல்பு எரிகிறது என்றார்கள், ஆளுக்கொரு ஒயரை உருட்டிக்கொண்டு வந்து அழகுவேல் வீட்டுக் கொல்லையில் நின்றார்கள். விசாரிக்க வந்த மின்சார ஆபீஸ் இன்ஜினியர் ஏ.இ. மட்டும் கொஞ்சம் குழம்பினார், சூரியன், காற்று, தண்ணீர் என்று மூன்று வகைதான் சட்டத்தில் இருக்கிறது, வசவு இல்லை. யோசித்து யோசித்து, பேச்சு என்பது வாயிலிருந்து வருகிற காற்றுதானே, காற்றாலை என்று வைத்துக்கொள்வோம் என்றார். யாரடா ஆலை, உன்னைப் பெத்தவள் ஆலை, என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, அவர் சட்டைப்பையில் செத்துக் கிடந்த செல்போன் முழுச் சார்ஜோடு விழித்துக்கொண்டது, திருப்தியாகப் போனார்.

அந்தக் கரண்டுக்கு ஒரு குணம் இருந்தது. அதில் அரைத்த சட்னி மிளகாய் போடாமலே உறைத்தது, அதில் தேய்த்த சட்டையின் மடிப்பு ஆளை வெட்டியது, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் பல்பு ஏதாவது சொல்லிவிடுமோ என்று வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். தமயந்தியின் பெட்டியில் முதல்முறையாக ஓடு விரிசல்விட்டு குஞ்சுகள் வந்தன, வந்த குஞ்சுகள் வரும்போதே கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தன, வட்டமிட்ட பருந்தை அண்ணாந்து பார்த்து அவை போட்ட சத்தத்தில் பருந்து வேறு ஊருக்குப் போய்விட்டது. பருந்துக்குப் பயப்படாத குஞ்சு என்று சுற்றுப்பட்டியிலிருந்து கூடையோடு ஆள் வந்தார்கள், கூமுட்டைக்காரி என்ற பெயர் தானாக உதிர்ந்தது, தமயந்தி ரேஷன் கடைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு போய் வந்தாள், போகும்போதும் வரும்போதும் சொர்ணக்கிளி வீட்டு வாசலை மட்டும் பார்க்காமல் நடந்தாள்.

தெரு மெதுவாக ஒரு ஒழுங்குக்கு வந்தது. காலையில் இட்லி மாவு ஆட்டுகிற நேரத்துக்கு ஒருவர் போய் சொர்ணக்கிளியின் முருங்கைக்கீரையைக் கேட்காமல் ஒடிப்பார், தண்ணீர் மோட்டார் போடுகிற நேரத்துக்கு இன்னொருவர் அவள் வாசலில் குப்பையைக் கொட்டுவார், சாயந்திரம் சீரியல் நேரத்துக்கு அழகுவேலே ஆட்டை அவிழ்த்துவிடுவான். யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை, அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது, அதுதான் அவளுடைய தன்மை. ஓய்வுபெற்ற பேங்க் கேஷியர் சிவஞானம் மட்டும் தன் முறை இல்லாத நாளிலும் வந்து முருங்கைக்காய் பறித்தார். அவள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, பல்லுப்போன வயசுல திருட்டு முருங்கைக்காய் கேக்குதோ, சூப்புததுக்குப் பல்லு வேணுமேலே கெழட்டு ஓணான், என்று பேசப் பேச, அவர் காயைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு நின்றார்.

"தங்கச்சி," என்றார், "என் வீட்டுக்காரி போன பெறகு என்னைய யாருமே சரியாப் பேசலைம்மா. எல்லாரும் மரியாதையா நடத்துறாங்க. செத்துப் போயிட்டேனோன்னு சந்தேகமா இருந்தது."

"போம்லே அந்தப் பக்கம்," என்றாள் சொர்ணக்கிளி. அவர் தெருவின் அத்தனை டியூப்லைட்டையும் எரியவைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் தட்டில் அதிரசம் வைத்துக்கொண்டு வந்து, எங்க மாமியாரை ஒரு நாலு வார்த்தை எனக்காகப் பேசுங்களேன் சித்தி என்று கேட்டாள். சொர்ணக்கிளி பேசினாள், நல்ல காரமான வார்த்தைகளாகத்தான் பேசினாள், பல்பு மின்மினிப்பூச்சி அளவுக்குக்கூட எரியவில்லை. அவளுடைய சொந்தக் கோபத்துக்குத்தான் வெளிச்சம் என்பது அன்றைக்குத் தெரிந்தது, அதிரசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்தபோது பங்குனி வெயிலில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஏ.இ. வந்து பார்த்தார், உங்களுக்குத்தான் சொந்தக் கரண்டு இருக்கிறதே என்று, குளிர்சோலை நகருக்கு வந்த புது டிரான்ஸ்பார்மரை வேறு கிராமத்துக்கு அனுப்பிவிட்டார். யாரும் சண்டை போடவில்லை, நமக்குச் சொர்ணக்கிளி இருக்கிறாள் என்றார்கள். அவர்கள் சொன்னது வார்டு கவுன்சிலர் காதில் விழுந்தது, கவுன்சிலர் காதில் ஒன்று விழுந்தால் அது பாராட்டு விழாவாகத்தான் வெளியே வரும்.

பந்தல் போட்டார்கள், ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அதில் கவுன்சிலர் படம் ஆளுயரத்துக்கும் சொர்ணக்கிளி படம் ரேஷன் கார்டு அளவுக்கும் இருந்தது. வசைமொழி வெளிச்சம் என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து காலில் விழுந்தார்கள், பிரியாணிப் பொட்டலத்தை முதலில் அவளுக்குக் கொடுத்தார்கள், அதில் கறியும் இருந்தது. நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டியபோது சொர்ணக்கிளி அதை வாங்கி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, வாயைத் திறந்து, "எல்லாரும் நல்லா இருங்க" என்றாள்.

பந்தலில் சீரியல் பல்புகள் அணைந்துபோயின. அது பெரிதாகத் தெரியவில்லை, பகல்நேரம்.

மறுநாளிலிருந்துதான் தெரிந்தது. அவள் வாசல் சாக்கடையை யாரோ சுத்தம் பண்ணியிருந்தார்கள், அவள் வருகிறாள் என்றால் தண்ணீர் லாரி வரிசை ஒதுங்கி வழிவிட்டது, தபால்காரர் மணியடித்து வணக்கம் சொன்னார். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்காமல் போகவில்லை, அவளுக்குக் கோபப்பட ஒன்றுமில்லாமல் போயிற்று. முருங்கைக்கீரையை ஒடித்தால், இன்னும் கொஞ்சம் ஒடிச்சுக்கோ, பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்றாள். குப்பையைக் கொட்டினால், பாவம் கைதவறி விழுந்திருக்கும் என்று தானே அள்ளினாள். ஆட்டைத் திருடி ஒளித்துவைத்துப் பார்த்தார்கள், பசிச்சவன் தின்னுட்டுப் போறான் என்றாள், ஒளித்துவைத்தவன் வெட்கப்பட்டு ஆட்டைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கட்டினான். சிவஞானம் காயைப் பறித்துக்கொண்டு ஆவலோடு நின்றார்; வாங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க என்று அவள் சொன்னதும், அந்த மனிதர் ஒடிந்துபோய் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

சூரியன் தன் பங்குக்குக் கொடுத்த கொஞ்சநஞ்சக் கரண்டு தெருவுக்குப் போதவில்லை. தமயந்தியின் பெட்டிகளிலோ அதுவரை வைக்காத அளவுக்கு முட்டைகள், பொரிக்கிற பருவத்தில், காதை வைத்தால் உள்ளே கொத்துகிற சத்தம் கேட்டது. அவற்றின் மேல் போர்வை போர்த்தினாள், சுடுதண்ணீர்ப் பாட்டில்களை வைத்தாள், தானே மேலே படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தாள்.

தெருவே வடிகால் பாலத்தில் கூடி உட்கார்ந்து, சொர்ணக்கிளியை எப்படிக் கோபப்படுத்துவது என்று யோசித்தது. அப்போது அழகுவேல் சொன்னான்: "அந்த அக்கா எல்லாத்தையும் பேசியிருக்கு. சூரியனப் பேசியிருக்கு, சாமியப் பேசியிருக்கு. அவங்க வீட்டுக்காரன ஒரு வார்த்தை பேசி யாராவது கேட்டிருக்கீங்களா?"

யாரும் கேட்டதில்லை. அவள் புருஷன் சங்கிலிமுத்து லாரி டிரைவர், ஆரஞ்சு ஏற்றிவருகிறேன் என்று நாக்பூருக்குப் போனவன். யாராவது கேட்டால் இன்னும் லோடு இறக்கவில்லை என்பாள், அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். அந்த ஆரஞ்சை விதைத்திருந்தால் அதன் பேரப்பிள்ளைகள் இந்நேரம் காய்த்திருக்கும். ஆனால் டைம் கீப்பருக்குத் தெரியாத ஆளில்லை, கண்டக்டருக்குக் கண்டக்டர் சொல்லி, தர்மபுரிப் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறான் என்றும், கூட்டிக்கொண்டு போனவள் துரத்திவிட்டாள் என்றும் அவனுக்குத் தகவல் வந்திருந்தது.

"அத்தனை வருசக் கோவம் உள்ள கெடக்கு," என்றான். "அணைக்கட்டு மாதிரி. ஆளக் கொண்டாந்து முன்னால நிறுத்துவோம். மதகு தொறந்துக்கும்."

"வேண்டாம்," என்றாள் தமயந்தி. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் சங்கிலிமுத்து பஸ்ஸில் வந்து இறங்கினான், கன்னம் ஒட்டி, வேட்டி பழுத்து, கையில் ஒரு மஞ்சப்பையோடு. தெருவே அழகுவேல் வீட்டுக் கொல்லையில் பேனல்களுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றது, எல்லா வீட்டிலும் எல்லாச் சுவிட்சும் போட்டிருந்தது, கிரைண்டரில் அரிசி, மோட்டாரில் தண்ணீர், டிவியில் சீரியல், தாங்குமா என்று பயந்து ஒருவர் ஃபிரிட்ஜை மட்டும் அணைத்துவிட்டு வந்திருந்தார். சொர்ணக்கிளி ஆட்டுக்கு இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கிளி," என்றான் அவன்.

வேலிக்குப் பின்னால் எல்லோரும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பல்பு எதுவும் எரியவில்லை.

"யாரு கூட்டியாந்தது?" என்று கேட்டாள், மெதுவாக.

பொய் சொல்லவும் தெம்பில்லாதவனாக இருந்தான் சங்கிலிமுத்து. "டைம் கீப்பர் தம்பிதான் ஆள் அனுப்பிச்சு. ஒன் வாயில நாலு வசவு வாங்கிட்டுப் போயிருங்க அண்ணாச்சின்னாங்க. கரண்டுக்கு வேணுமாம்லா."

சொர்ணக்கிளி குழையைக் கீழே வைத்தாள். அவனைத் தாண்டிக்கொண்டு வேலிக்கு வந்தாள், பேனல்களுக்கு இடையில் இருந்த சந்துகளில் கண்கள் கண்களாகத் தெரிந்தன, அத்தனை கண்களையும் ஒன்று விடாமல் பார்த்தாள்.

"ஏலே," என்றாள். "ஏலே, ஊருக்கு ஊரு ஆளனுப்பி என் குடியக் கெடுத்தவனத் தேடிப் புடிச்சு என் வாசல்ல நிறுத்திட்டு, ஃபேனப் போட்டுட்டு நிக்கீகளோ? அவனப் பேசுததுக்கு எனக்குத் தெரியாதா? அவனப் பேசணும்னு எத்தன வார்த்தைய நான் ஒருத்தர் காதுலயும் விழாம உள்ள வச்சு அடைகாத்துக் கெடக்கேன் தெரியுமாலே? அது என்னிக்குப் பொரிக்கணும்னு எனக்குத் தெரியும். அத ஒடச்சு ஆம்லெட் போட்டுத் திங்கவா வந்தீக? என் புருசன் போனது ஒங்க வீட்டு மிக்ஸிக்கா? நான் தனியாக் கெடந்தது ஒங்க சீரியலுக்கா? பொன்னாடை போத்துனப்ப, சரி, கடைசீல மனுசியா மதிச்சிட்டாகன்னு நெனச்சேன்லே! சுவிட்சத் தடவிக் குடுத்திருக்கீக! ஒங்க வீட்டு வெளக்கெல்லாம் நல்லா எரியட்டும், எரிஞ்சு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நல்லாப் பாருங்க! பாத்து வெளங்குங்க!"

அதற்கு மேலும் பேசினாள், அதையெல்லாம் எழுதினால் தாள் தாங்காது. குளிர்சோலை நகரின் பல்புகள் பட்டப்பகலில் வெயிலையே கண்கூச வைத்தன, டியூப்லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன, மோட்டார்கள் கிணற்றை உறிஞ்சித் தொட்டி வழிந்து தெருவில் ஆறு ஓடியது, அணைத்துவைத்த ஃபிரிட்ஜ் தானாக எழுந்து ஓடி வாசலுக்கு வந்து நின்றது, டிவியில் அழுதுகொண்டிருந்த மருமகள் அழுகையை நிறுத்திவிட்டு யார் பேசுவது என்று திரும்பிப் பார்த்தாள். தமயந்தியின் பின்கட்டு அறையில் ஒரு முட்டை பாக்கியில்லாமல் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன, அத்தனை குஞ்சுகளும் சேர்ந்து போட்ட சத்தம் கேட்டும் அவள் உள்ளே ஓடவில்லை, வேலிச் சந்தில் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

பேசி முடித்துச் சொர்ணக்கிளி புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

"சாயங்காலம் வரைக்கும் பஸ் இல்லையாலே டைம் கீப்பரு?"

வேலிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "இப்ப ஒண்ணு இருக்குக்கா. சேலம் பாயிண்ட் டு பாயிண்ட்."

"ஏறிப் போ," என்றாள் அவனிடம், "படியில நிக்காத," என்றாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சங்கிலிமுத்து பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, ஒரு வார்த்தைகூட என்னைப் பேசவில்லையே என்று சேலம் வரைக்கும் அழுதுகொண்டு போனதாகக் கண்டக்டர் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு சொர்ணக்கிளி பேசவில்லை. திட்டவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. தெரு இருண்டு கிடந்தது, வெடித்த டியூப்லைட்டுகளைக் கூட்டி அள்ளினார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் ஆணும் பெண்ணுமாகக் கிளம்பி மின்சார ஆபீசுக்குப் போனார்கள். அவள் பேசியதில் ஞாபகம் இருந்ததை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டு போய், ஏ.இ.யின் மேஜை முன்னால் நின்று தப்பும் தவறுமாகப் பேசினார்கள், சிவஞானம் பாதி வசவைத் தனக்கே சொல்லிக்கொண்டார், ஆனாலும் ஏ.இ. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், வாரம் முடிவதற்குள் டிரான்ஸ்பார்மர் வைக்கிறேன் என்று சொன்னார், அவர் சொன்னபடியே வந்தது.

அது வருவதற்கு முந்தின சாயந்திரம், இருட்டத் தொடங்குகிற நேரத்தில், தமயந்தி பேனல்களிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினாள். பிடுங்கின ஒயர்முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு, அத்தனை வருஷத்தில் முதல்தடவையாகச் சொர்ணக்கிளியின் முன்வாசலுக்குப் போனாள். சொர்ணக்கிளி புழுக்கத்தில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மதினி," என்றாள் தமயந்தி. ஒயரைக் காட்டினாள்.

சொர்ணக்கிளி ஒயரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"கழட்டிட்டியா?"

"ஆமா மதினி."

"எதுக்கு வந்த? திட்டு வாங்கவா?"

"ஆமா மதினி."

"யாரு வீட்டுக் கரண்டுக்கு?"

"யாருக்கும் இல்ல மதினி."

பிறகு சொர்ணக்கிளி நகர்ந்து உட்கார்ந்து இடம்விட்டாள், தமயந்தி உட்கார்ந்தாள்.

"சந்து வழியா நீயும் பாத்துட்டுத்தான நின்ன," என்று ஆரம்பித்தாள் சொர்ணக்கிளி. "வேண்டாம்னு சொன்னியாம்ல, கேஷியர் அண்ணன் சொன்னாரு. ஒருதடவ சொல்லிட்டு வாய மூடிக்கிட்டா ஆச்சா? வாய் என்ன ஒனக்கு உண்டியலா, ஒரு காசு போட்டா மூடிக்கிடுததுக்கு?" அங்கிருந்து தொடங்கிக் கோழிமயிருக்குப் போய், கூரைத் தண்ணீருக்குப் போய், கவுன்சிலருக்குப் போய், பொன்னாடையில் சாயம் போனதற்குப் போய், எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்தபிறகு, குரலைச் செருமிக்கொண்டு, நாக்பூருக்கு வந்தாள். தெருவில் ஆட்கள் இருட்டில் அவரவர் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள், வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள், பேனல்கள் வேலியில் நிரம்பித் ததும்பி மெல்ல உறுமிக்கொண்டிருந்தன, அந்தக் கரண்டு எங்கேயும் போகவில்லை, எதையும் எரிக்கவில்லை, எழுந்துபோய் ஒயரை மாட்டலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. லாரியின் நம்பரில் ஆரம்பித்து அவன் மீசையை முறுக்குகிற விதம்வரை சொர்ணக்கிளி அடைகாத்த ஒவ்வொன்றாக ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது, அவளுக்கு மூச்சு வாங்கியது, நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது, தமயந்தி மடியில் செருகியிருந்த முட்டைக் கணக்கு அட்டையை எடுத்து அவளுக்கு விசிறத் தொடங்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் வேகமாத்தான் வீசேன்ட்டி," என்றாள் சொர்ணக்கிளி. "கையில என்ன, வலுவே இல்லையா?"

தமயந்தி வேகமாக வீசினாள்.